துரை எழுதிவைத்த இருளன்

தன் நாற்பத்தைந்தாவது வயதில், 1971ஆம் வருஷம் ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, தான் இருளன் இல்லை என்று ஓரிக்கை கிராமத்து அர்ஜுனன் முதல்முறையாகக் கேள்விப்பட்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை, வியப்புதான் வந்தது. அதுவரைக்கும் ஊரில் யாருக்கும் அந்தச் சந்தேகம் எழுந்ததில்லை. டீக்கடையில் அவனுக்குத் தனி கிளாஸ் வைத்தவருக்கு எழவில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால் மணலில் உட்காரவைத்த வாத்தியாருக்கு எழவில்லை. வரப்பில் எலி பெருகிவிட்டால் ஆள்விட்டுக் கூப்பிடும் மணியக்காரருக்கும் எழவில்லை. அவன் யார் என்பதை ஊரே ஒருநாள் விடாமல் அவனுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டுதான் இருந்தது.

சந்தேகப்பட்டது ஓர் அலுவலகம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் அது புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. பெயர், 'பூர்வகுடி நினைவுச் சரிபார்ப்புத் தனி அலுவலகம்'. பலகையில் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகளைச் சுவரில் எழுதியிருந்தார்கள். பூர்வகுடி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்குத் தாங்கள் பூர்வகுடி என்பது சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் பச்சை நிறத்தில் ஒரு சான்றிதழ் கொடுப்பது அதன் வேலை.

அந்தப் பச்சைக் காகிதம் அர்ஜுனனுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. அவன் மகள் காந்தா எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். ஆற்றங்கரையில் இருந்த இருபத்தெட்டுக் குடிசைகளில் அதுவரை யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. செங்கல்பட்டில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜூலை பதினைந்துக்குள் சான்றிதழோடு வரவேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று கடிதத்தில் இருந்தது. காந்தா அந்தக் கடிதத்தை நனையாமல் இருக்க ஓவல்டின் டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாள்.

தனி அதிகாரி மாணிக்கவாசகம் சரித்திரம் படித்தவர். அவர் நாற்காலிக்குப் பின்னால் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரரின் படம் சந்தன மாலையோடு தொங்கியது. அவர்தான் ஹாக்ஸ்பி துரை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஜில்லாவில் உத்தியோகம் பார்த்தவர். பாலாற்றங்கரையில் மூன்று நாள் கூடாரம் போட்டு, அதில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்து, மூன்றாம் நாள் எழுந்து, இருளர்களைப் பற்றி நானூறு பக்கப் புத்தகம் எழுதிவிட்டுக் கப்பலேறினார். அந்தப் புத்தகத்திலிருந்து நாற்பது கேள்விகளை உருவியிருந்தார் மாணிக்கவாசகம். இருபது மார்க் வாங்கினால் இருளர், ஆனால் குலதெய்வத்தில் தவறினால் மற்ற மார்க்கெல்லாம் செல்லாது.

"எப்படி வந்தாய்?" என்று ஆரம்பித்தார்.

"சைக்கிள்ல சார். தோஸ்து சைக்கிளு."

தலைமை எழுத்தர் கலியாணசுந்தரம் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார். துரையின் முப்பத்தொன்றாம் பக்கத்தின்படி, இருளன் சக்கரத்தைக் கண்டால் அலறி ஓடுவான்.

"கையில் இருக்கிற பானையில் என்ன?"

"எலி சார். பக்கத்துத் தெருவுல தறிக்காரங்க வூட்டுல, கஞ்சி போட்ட பாவு நூல ராவோட ராவா கடிச்சுத் தின்னுப்புடுதாம். அதான் புடிச்சுக்கினு வந்தேன்."

"எத்தனை?"

"பன்னெண்டு சார்."

இன்னொரு பெருக்கல் குறி. இருளன் பத்துக்கு மேல் எண்ணமாட்டான், பக்கம் நாற்பது.

பிறகு பித்தளைக் கவராயம் ஒன்றை எடுத்து அவன் மூக்கை அளந்தார்கள். துரை சொன்ன அகலத்துக்கு ஒரு நூல் குறைந்தது. பாவில் நூல் குறைந்தால் சேலை வீணாகும், அது தெரியும். மூக்கில் நூல் குறைந்தால் பிறப்பே வீணாகும் என்பது அர்ஜுனனுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

"குலதெய்வம்?"

இதிலாவது தேறிவிடலாம் என்று அவன் முகம் மலர்ந்தது. "கன்னியம்மா சார். ஆத்தங்கரை வேப்பமரத்தாண்ட இருக்குறா. ஏழு செங்கல்லு. ஏழும் அவதான்."

"தவறு" என்றார் மாணிக்கவாசகம். "நாற்பதுக்கு மூன்று. நீ இருளன் இல்லை."

"அப்ப நான் யாரு சார்?"

"அது எங்கள் இலாகாவில் வராது. யார் இல்லை என்று சொல்வதற்கு மட்டும்தான் எனக்கு அதிகாரம்."

அர்ஜுனன் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அடுத்த மனுதாரர் வந்து சேர்ந்தார். கீழே இருந்த பட்டுக்கடையின் சொந்தக்காரர் மகன் சிட்டிபாபு. பியட் காரில் வந்து இறங்கியவன், மாடிப்படி ஏறுமுன் தன் கார்ச் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்து "ஐயோ!" என்று ஓர் அலறல் அலறினான். அதைக் கலியாணசுந்தரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். உள்ளே அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பத்தில் நிறுத்தித் தலையைச் சொறிந்தான். குலதெய்வத்தின் பெயரைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நாற்பதுக்கு நாற்பது. கால் மணி நேரத்தில் பச்சைக் காகிதத்தோடு வந்து, படியில் நின்ற அர்ஜுனனிடம், "கொஞ்சம் ஒத்துபா, எலி நாறுது" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போனான். துரை சொன்ன அகலமுள்ள மூக்கு அது.

டைப்பிஸ்ட் மேரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசிலேயே மனசாட்சியுள்ள ஒரே பொருள் அவளுடைய தட்டச்சு யந்திரம், சில வார்த்தைகளை அடிக்கும்போது தானாகவே சிக்கிக்கொள்ளும் என்று அவள் சொல்வதுண்டு. சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கி வந்து, தமிழில் பெயர்த்து அடித்த துரை புத்தகத்தின் கார்பன் நகல் ஒன்றை அர்ஜுனன் கையில் திணித்தாள்.

"அண்ணே, பொண்ணாண்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. பன்னெண்டாம் தேதி மறு விசாரணை இருக்குது. நீங்க யாருன்னு மனப்பாடம் பண்ணிக்கினு வாங்க."

அன்று முதல் மாலைதோறும் குடிசை வாசலில் பாடம் நடந்தது. காந்தா வாசிப்பாள், அப்பா திருப்பிச் சொல்லுவான், அம்மா பூவம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள்.

"'ஆண்கள் நடுப்பகலில் மரத்தடியில் அமர்ந்து, கண்ணைப் பாதி மூடி, சும்மா என்னும் சடங்கைச் செய்கிறார்கள். என்ன செய்கிறீர்கள் என்று துபாஷி கேட்டபோது, அந்தச் சொல்லை மட்டும் பயபக்தியோடு உச்சரித்தார்கள்.'"

"அடியம்மா, அத்த உங்கப்பாரு தெனமும் பண்றாரே!" என்றாள் பூவம்மாள். "நாந்தான் தெரியாம திட்டிக்கினு இருந்தேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். நாலாம் நாள் குலதெய்வத்துக்கு வந்தார்கள்.

"'இவர்கள் வணங்கும் தெய்வத்தின் பெயரைப் பலமுறை கேட்டும், முதியவர் கைகட்டி ஒரே விடையையே சொன்னார். அத்தெய்வம் தெரியலிங்கம்.'"

"இன்னாது?"

"தெரியலிங்கம்பா. இங்கிலீசுல தெரியலிங்கான்னு இருந்திச்சாம். கலியாணசுந்தரம் சாரு இலக்கணத்துக்காக ம் போட்டதா கீழ எழுதியிருக்காரு."

அர்ஜுனன் புரை ஏறுமளவுக்குச் சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. துரை வந்த கதை அவர்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். குதிரையில் வந்த துரை பக்கத்து ஊரில் சாமிக் கல்லைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் இங்கே வந்து, உங்கள் சாமி எது, எங்கே என்று கேட்டார். அர்ஜுனனின் பாட்டனுக்குப் பாட்டன் ஏழு செங்கல்லையும் வைக்கோல் போட்டு மூடிவிட்டு, துரை எத்தனை முறை கேட்டாலும் கும்பிட்டபடி "தெரியலீங்க, தெரியலீங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தார். கன்னியம்மா தப்பித்தாள். அந்தத் "தெரியலீங்க"தான் லண்டன் வரைக்கும் போய்ச் சாமியாகித் திரும்பி வந்திருக்கிறது.

"வேற எத்த வேணா சொல்றேன். இத்த சொல்ல மாட்டேன்" என்றான் அர்ஜுனன்.

"ஒரே ஒரு வார்த்ததானப்பா" என்றாள் காந்தா. "பதினஞ்சாம் தேதி போச்சுன்னா எல்லாம் போச்சுப்பா." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் தேதி அர்ஜுனன் நடந்தே போனான். பட்டுக்கடை வாசலில் நின்ற பியட்டைப் பார்த்து அலறினான். பத்து வரைக்கும் எண்ணினான். கவராயத்தோடு வந்த கலியாணசுந்தரம், "மூச்ச நல்லா இழுத்துப் புடிபா" என்று காதோடு சொன்னார். இழுத்ததில் மூக்கு விடைத்து, குறைந்த ஒரு நூலும் சரியாகிவிட்டது. பிறகு சும்மா சடங்கைச் செய்து காட்டச் சொன்னார்கள். அர்ஜுனன் தரையில் உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடினான். மாணிக்கவாசகம் கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சுவிடாமல் குறிப்பெடுத்தார். அதே சமயத்தில் மதியச் சாப்பாடு முடித்திருந்த கலியாணசுந்தரமும் நாற்காலியில் அதே சடங்கை இன்னும் ஆழமாகச் செய்துகொண்டிருந்தார். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

"பிரமாதம்" என்றார் மாணிக்கவாசகம். "கடைசிக் கேள்வி. குலதெய்வம்?"

சொல்லிவிடத்தான் வந்திருந்தான். வாய்வரைக்கும் வந்த வார்த்தை வெளியே வரவில்லை. வேறு வழியில்லாமல் துரை வந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். "அது சாமி பேரு இல்ல சார். தெரியலீங்கன்னு சொன்னாரு, அவ்ளோதான்."

மேரி சிரிப்பை அடக்க முடியாமல் யந்திரத்தில் எதையோ படபடவென்று அடித்தாள். மாணிக்கவாசகம் எழுந்து நின்றார்.

"அர்ஜுனா, நீ சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உண்மை தாமதமாக வந்திருக்கிறது. தெரியலிங்கத்தின் பேரில் நாற்பத்திரண்டு பேருக்குச் சான்றிதழ் கொடுத்தாயிற்று. அதில் முப்பத்தொன்பது பேர் சொந்தக் கார் வைத்திருக்கிற பூர்வகுடிகள். அவர்கள் மனம் என்ன பாடுபடும்? அதற்குக் கோயில் கட்டவும் மானியம் வந்துவிட்டது. நான் டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருப்பதே தெரியலிங்க வழிபாட்டின் தொன்மை என்ற தலைப்பில்தான். துரை நம்மை அடிமைப்படுத்தினார், அதை நானே சுதந்திர தின விழாவில் கண்டித்துப் பேசியிருக்கிறேன். ஆனாலும் மனிதர் அகர வரிசையில் பொருளடக்கம் போட்டு எழுதினார். நீ இங்கேயே பிறந்து இங்கேயே கிடந்தவன், உனக்கு என்ன தெரியும்? கேட்டால் ஞாபகம் என்பாய். உன் ஞாபகத்துக்குப் பக்க எண் உண்டா?"

அர்ஜுனனிடம் பக்க எண் இல்லை.

"ஒன்று செய்யலாம்" என்று குரலை இறக்கினார் அதிகாரி. "தெரியலிங்கமே எங்கள் குலதெய்வம், கன்னியம்மா என்று நான் சொன்னது அறியாமையால் என்று ஒரு வாக்குமூலம். கைநாட்டு வை. சான்றிதழ் இப்போதே கையில்."

"கையெழுத்துப் போடத் தெரியும் சார். பொண்ணு கத்துக் குடுத்திருக்குது."

"போட்டுவிடாதே! அப்புறம் நாற்பதிலிருந்து ஒரு மார்க் குறைக்க வேண்டிவரும்."

கட்டைவிரலில் மை தடவினார்கள். தாயே, பெண்ணுக்காகத்தான், என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு அழுத்தினான். எலி பிடிக்க மண்ணைத் தோண்டித் தேய்ந்த விரலில் ரேகை சரியாக விழவில்லை என்று இன்னும் இரண்டு முறை அழுத்தச் சொன்னார்கள். மூன்று முறை கன்னியம்மாவை இல்லையென்று சொன்ன வெட்கத்தோடு, நாற்பத்து மூன்றாவது பச்சைக் காகிதத்தை வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தான். பதினான்காம் தேதி காந்தா பஸ் ஏறினாள்.

ஆவணியில் ஆற்றங்கரைக்கு லாரி வந்தது. முதல் விசாரணையில் அர்ஜுனன் தன் வாயாலேயே சொன்ன வேப்பமரத்தடிதான் தெரியலிங்கத்தின் ஆதி இடம் என்று மாணிக்கவாசகம் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார். மாமல்லபுரத்தில் செதுக்கிய ஒரு லிங்கத்தை இறக்கினார்கள். மஞ்சள் பூசிய ஏழு செங்கல்லையும் 'பிற்கால ஆக்கிரமிப்பு' என்று எழுதி அப்புறப்படுத்தினார்கள். முள்கம்பி வேலி வந்தது, பலகை வந்தது. தரிசனம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, அரசு விடுமுறை நாட்களில் கிடையாது. பூர்வகுடிச் சான்றிதழ் இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது. இருபத்தெட்டுக் குடிசையில் சான்றிதழ் உள்ளவர் ஒருவர்தான். காந்தாவுக்காக வாங்கிய அந்தக் காகிதமும் செங்கல்பட்டில் இருந்தது.

குடமுழுக்கு நாளில் முப்பத்தொன்பது கார்கள் ஆற்று மணலில் வரிசையாக நின்றன. வாழ்நாளில் வில்லைத் தொட்டிராத அர்ஜுனன் கையில் ஒரு வில்லைக் கொடுத்து லிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சிட்டிபாபு பட்டு வேட்டியில் முதல் மரியாதை வாங்கிக்கொண்டான். "துரை விதைத்தார், நாம் தண்ணீர் ஊற்றுகிறோம்" என்று மாணிக்கவாசகம் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

பேச்சின் நடுவே பூவம்மாள் வந்து புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் கறுத்துக் கிடந்தது. "இங்க வந்து பாருய்யா. நம்ம தாய அடுப்பாக்கிட்டானுங்க."

விருந்தினருக்குப் பொங்கல் கிண்டிய சமையல்காரர், பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஏழு செங்கல்லை எடுத்து அடுப்புக் கூட்டியிருந்தார். மஞ்சளெல்லாம் கரியாகிவிட்டது. அர்ஜுனன் வில்லைக் கீழே போட்டான். அடுப்பு அணையும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். சூடு ஆறியதும் பூவம்மாள் முந்தானையில் மூன்றும் அவன் துண்டில் நான்கும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்பக்கமாக நடந்தார்கள். எங்கே போனார்கள் என்று இங்கே எழுதுவதாக இல்லை. இந்தக் கதை எந்த அலுவலகத்தின் கையில் போய்ச் சேரும் என்று யார் கண்டது?

மார்கழியில் லண்டனிலிருந்து மாணிக்கவாசகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. துரையின் நாட்குறிப்பு அகப்பட்டிருக்கிறது, அதில் காய்ச்சலோடு அவர் கிறுக்கிய ஒரு வரி உண்டு என்று ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். 'வைக்கோலுக்கு அடியில் மஞ்சள் பூசிய ஏழு செங்கற்களைக் கண்டேன். அவையே இவர்களுடைய உண்மையான தெய்வம் என்று ஐயுறுகிறேன்.' அவற்றைப் பார்க்கத் தை மாதம் தானே நேரில் வருவதாகவும் பேராசிரியர் எழுதியிருந்தார்.

ஒரே நாளில் கன்னியம்மா உண்மையாகிவிட்டாள். அர்ஜுனன் மூன்று முறை கைநாட்டு வைத்து மறுத்த தெய்வத்தை வெள்ளைக்காரர் ஒரு வரியில் ஒப்புக்கொண்டுவிட்டார். அலுவலகம் செங்கல்லைத் தேடிக் கிளம்பியது. குப்பைக் குழியைத் தோண்டினார்கள், சமையல்காரரை விசாரித்தார்கள். கடைசியில் ஜீப் அர்ஜுனன் குடிசை வாசலில் வந்து நின்றது. மாணிக்கவாசகம் இறங்கினார். பின்னால் கலியாணசுந்தரமும் நோட்டுப் புத்தகத்தோடு மேரியும் இறங்கினார்கள்.

"அர்ஜுனா, கன்னியம்மா எங்கே? லண்டனிலிருந்து ஒரு பேராசிரியர் பார்க்க வருகிறார்."

அர்ஜுனன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"தெரியாது என்று மட்டும் சொல்லாதே. நீ எடுத்துப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உன் மகள் முதல் வருஷம் படிக்கிறாள். அந்தச் சான்றிதழ் நான் கொடுத்தது. நானே ரத்தும் செய்யலாம். பொய் சொன்னால் இன்றைக்கே ரத்து."

அர்ஜுனன் வாசலில் நின்ற பூவம்மாளைப் பார்த்தான். அவளும் அவனையே பார்த்தாள். பொய் சொன்னால் மகளின் படிப்பு போகும். உண்மையைச் சொன்னால் தாய் கப்பலேறிவிடுவாள். ஒரு பொய்யும் கலக்காமல், கைகட்டி, மெதுவாகச் சொன்னான்.

"எங்கூர்ல இருக்குறா சார்."

மாணிக்கவாசகத்தின் முகம் பிரகாசமாகிவிட்டது. "எங்கூர்! எழுதிக்கொள் மேரி. எ, ங், கூ, ர். எந்தத் தாலுகா?"

மேரி நிமிர்ந்து அர்ஜுனனைப் பார்த்தாள். அவள் பென்சில் கொஞ்சம் நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, சொன்னபடியே எழுதினாள்.

"தாலுகாவெல்லாம் எங்களுக்கு இன்னா சார் தெரியும்" என்றான் அர்ஜுனன். "எங்கூரு எங்கூருதான்."

"பாமரன்" என்று கலியாணசுந்தரத்திடம் பரிவோடு சொல்லிவிட்டு மாணிக்கவாசகம் ஜீப்பில் ஏறினார்.

எங்கூர் கிராமம் குறித்துச் சுற்றறிக்கை எல்லாத் தாலுகாவுக்கும் போனது. மதுராந்தகத்திலிருந்து, அப்படி ஒரு கிராமம் எங்கள் எல்லையில் இல்லை என்று பதில் வந்தது. திருவள்ளூரும் இல்லை என்றது. செய்யாறு, பக்கத்து ஜில்லா என்பதால் இல்லை என்று சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டது. நில அளவைப் படங்களை விரித்து வைத்துக்கொண்டு மாணிக்கவாசகம் கண் சிவக்கத் தேடினார். பேராசிரியர் வந்து, முள்கம்பிக்குள் இருந்த மாமல்லபுரத்து லிங்கத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்பிப் போனார். பங்குனியில் அலுவலகம் தன் முடிவை எழுதியது. 'எங்கூர் என்ற ஊர் இருந்ததற்கோ, இருப்பதற்கோ எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. ஆகவே அவ்வூரும், அங்கிருப்பதாகச் சொல்லப்படும் தெய்வமும் இல்லை என்று இதனால் தீர்மானிக்கப்படுகிறது.'

சாட்சியாகக் கைநாட்டு வைக்க அர்ஜுனனைக் கூப்பிட்டார்கள். மேரி அதை ஒருமுறை வாசித்துக் காட்டினாள். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலேயே கட்டைவிரலை மையில் ஒற்றி, காகிதத்தில் பளிச்சென்று அழுத்தினான்.

"ஒப்புக்கொள்கிறாய் அல்லவா?" என்றார் மாணிக்கவாசகம். "அப்படி ஓர் ஊர் இல்லை."

"நீங்க சொன்னா சரி சார்" என்றான் அர்ஜுனன். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டான். "வெள்ளிக்கிழம சார். பொண்ணும் லீவுல வந்திருக்குது. பொங்க வைக்கணும். ஊருக்கு நேரமாவுது, நான் வரட்டா?"